பெரிய குழந்தை: வலி வரவழைப்பதா, அறுவைச் சிகிச்சையா?

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி மங்கலம்பேட்டையில் நடைபெற்ற கருத்தரங்கில், அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் பேறுகாலத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடை நம் பள்ளிக்கூட வாயிலிலேயே இருக்கிறது. ஸ்கேன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள் ஐயா” என்று கேட்டு வருகின்ற தந்தையரும் கணவன்மாரும் நம் ஊரில் இன்றும் உண்டு. எழுத்தறிவு நம் மக்களுக்கு எதற்காக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டுமோ?

அந்தச் சீட்டில் பல நேரங்களில் காணப்படும் செய்தி ஒன்று உண்டு: குழந்தை பெரியதாக இருக்கிறது. மருத்துவர் சொல்லியனுப்புவதும் ஏறக்குறைய ஒன்றே. “வலி தானாக வரும்வரை காத்திராமல் மருந்து கொடுத்து வலியை வரவழைக்கலாம். அல்லது நாள் குறித்துச் சிசேரியன் செய்துவிடலாம். வீட்டில் கலந்து பேசி வாருங்கள்” என்கிறார். வீட்டில் கலந்து பேசுவது எப்படி நடக்கிறது? மாமியார் ஒன்று சொல்கிறார். அண்டை வீட்டார் வேறொன்று சொல்கிறார். கணவன் செலவை எண்ணுகிறான். சோதிடர் நாளை எண்ணுகிறார். வயிற்றில் சுமக்கின்ற பெண் மட்டும் வாய் திறவாமல் சுவரோரம் அமர்ந்திருக்கிறாள்.

நாம் மருத்துவர் அல்லோம். பாடம் சொல்லிக் கொடுப்பவர். ஆகவே இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூற இங்கு நிற்கவில்லை. எவற்றையெல்லாம் கேட்டறிந்த பின்னர் முடிவு செய்யவேண்டும், அந்த முடிவு யாருக்கு உரியது என்னும் இரண்டையும் எடுத்துச் சொல்வதே நமது நோக்கம்.

பெரிய குழந்தை எது?

நம் நாட்டில் நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை பெரும்பாலும் இரண்டே முக்கால், மூன்று கிலோ அளவில் இருக்கும். 4 கிலோவுக்கு மேற்பட்டதைப் பெரிய குழந்தை என்று மருத்துவ நூல்கள் பொதுவாகக் கூறுகின்றன. ஆயினும் எண் ஒன்றே அளவுகோல் ஆகாது. உயரமும் அகன்ற இடுப்பும் உடைய தாய்க்கு 4 கிலோக் குழந்தை எளிதாகப் பிறந்துவிடலாம். குள்ளமான தாய்க்கு மூன்றரைக் கிலோவே கடினமாகலாம்.

இன்னொன்றையும் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஸ்கேன் கருவி தராசு அன்று. குழந்தையின் தலை, வயிறு, தொடையெலும்பு ஆகியவற்றை அளந்து, கணக்குப் போட்டு எடையை ஊகித்துச் சொல்லும் கருவி அது. அந்த ஊகம் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு கூடவோ குறையவோ இருக்கலாம். சீட்டில் 4 கிலோ என்றிருந்தால் உண்மை எடை 3.4 கிலோவாகவும் இருக்கலாம், 4.6 கிலோவாகவும் இருக்கலாம். ஆகவே சீட்டிலுள்ள ஓர் எண்ணைக் கண்டு நடுங்குவதும் தவறு. அதைப் பொருட்படுத்தாமல் விடுவதும் தவறு.

அஞ்சப்படும் இடர்

பெரிய குழந்தையைப் பற்றி மருத்துவர்கள் கவலைப்படுவதற்குத் தலையாய காரணம் தோள் சிக்குதல் ஆகும். தலை வெளியே வந்துவிடும். முன்பக்கத் தோள் தாயின் இடுப்பெலும்பின் பின்னால் மாட்டிக்கொள்ளும். தலை வெளியே, மார்பு உள்ளே என்ற நிலையில் குழந்தைக்கு மூச்சு விட வழியில்லை, தொப்புள்கொடியும் நசுங்கும். சில நிமிடங்களுக்குள் தோளை விடுவித்தாக வேண்டும்.

பயிற்சி பெற்ற செவிலியரும் மருத்துவரும் இதற்கு வழி அறிவர். தாயின் தொடைகளை வயிற்றின்மேல் நன்கு மடக்கி, அடிவயிற்றில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்தம் கொடுத்தால் பெரும்பாலான தோள்கள் விடுபட்டுவிடும். எனினும் சில நேரங்களில் கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கற்றை இழுபட்டுக் குழந்தையின் கை தளர்ந்துவிடுகிறது. அவ்வாறு தளரும் கைகளில் பெரும்பாலானவை சில மாதங்களில் சீரடைகின்றன. ஒரு சில வாழ்நாள் முழுவதும் சீரடைவதில்லை. மிக அரிதாக மூச்சடைப்பினால் மூளை பாதிக்கப்படுவதும் உயிர் போவதும் உண்டு. தாய்க்கும் சதை கிழிதல், மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவை நேரலாம்.

இங்கே ஒரு வியப்பான உண்மை இருக்கிறது. தோள் சிக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதி, 4 கிலோவுக்குக் குறைந்த எடையுடையவை. பெரிய குழந்தைகளில் பெரும்பாலானவையோ சிக்காமலேயே பிறக்கின்றன. யாருக்குச் சிக்கும், யாருக்குச் சிக்காது என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் கலை இன்னும் பிறக்கவில்லை. அதனால்தான் இது முடிவெடுக்கக் கடினமான கேள்வியாக இருக்கிறது.

முதல் வழி: வலியை வரவழைத்தல்

குழந்தை மேலும் வளர்வதற்குமுன், 38 அல்லது 39ஆம் வாரத்தில் வலியைத் தூண்டிவிடுவது இவ்வழி. கருப்பை வாய் இளகுவதற்கு மருந்து வைப்பர். அல்லது சிறு பலூன் வைப்பர். பின்னர் பனிக்குடத்தை உடைப்பர். ஆக்சிடோசின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுவர். கருப்பை வாய் இளகாத தலைச்சன் தாய்க்கு இதற்கு ஒரு நாளோ அதற்கு மேலுமோ ஆகலாம். வலி கடுமையாக இருக்கும். குழந்தையின் இதயத் துடிப்பை இடைவிடாமல் கவனிக்க வேண்டும். இவ்வளவுக்குப் பின்னரும் சிலருக்கு அறுவைச் சிகிச்சையே முடிவாகலாம்.

இதன் பயன் யாது? பிரான்சு, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் 822 தாய்மாரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே வலி வரவழைக்கப்பட்டவர்களில் 100க்கு 2 பேருக்கே கடுமையான தோள் சிக்கலும் அதையொட்டிய இடர்களும் நேர்ந்தன. காத்திருந்தவர்களில் 100க்கு 6 பேருக்கு நேர்ந்தன. வலி வரவழைத்ததால் சிசேரியன் கூடவில்லை. ஆனால் மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின்கீழ் வைக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. பின்னர் பிரித்தானிய நாட்டில் 2,893 தாய்மாரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு 2025இல் வெளியாயிற்று. அதில் தோள் சிக்குதல் ஒரு பிரிவில் 100க்கு 2.3, மறு பிரிவில் 3.1. இவ்வேறுபாடு தற்செயலாகவும் ஏற்பட்டிருக்கலாம் என்பதே கணக்கு காட்டியது. காத்திருக்கவேண்டிய பிரிவிலும் பலருக்கு முன்னதாகவே பேறு நிகழ்ந்துவிட்டது. திட்டமிட்டபடியே நடந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 2.3, 3.7 என்று வேறுபாடு சற்றுத் தெளிவாயிற்று.

ஆகவே வலி வரவழைப்பதால் ஓரளவு நன்மை உண்டு, பெருநன்மை என்று முழங்க இயலாது என்பதே நாம் பெறத்தக்க பாடம். இவ்வாய்வுகள் நடந்த நாடுகளின் தாய்மாரும் நம் தாய்மாரும் உடலமைப்பில் ஒன்றல்லர் என்பதையும் மறத்தல் கூடாது. அங்குள்ள எண்ணை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது. தாயைத் தொட்டுப் பார்த்துச் சோதிக்கும் மருத்துவரின் கணிப்பும் உடன் வேண்டும்.

இரண்டாம் வழி: நாள் குறித்த அறுவைச் சிகிச்சை

சிசேரியனில் தோள் சிக்கும் அச்சம் ஏறக்குறைய இல்லை. வலியின் நீண்ட வேதனையும் இல்லை. இவை பெரிய நன்மைகள். அதற்கு ஈடாகத் தாய் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். வயிற்றையும் கருப்பையையும் கீறித் தைக்கின்றனர். இரத்த இழப்பு, புண்ணில் சீழ், காலில் இரத்தக் கட்டி, மயக்க மருந்தின் இடர் ஆகியன சிலருக்கு நேரலாம். வயலுக்கும் முந்திரிக் கொட்டகைக்கும் விருத்தாசலம் பீங்கான் தொழிற்கூடங்களுக்கும் சென்று அன்றாடம் கூலி பெறும் நம் பெண்களுக்கு, பாரம் தூக்க இயலாத அந்த வாரங்கள் வெறும் ஓய்வு அல்ல, வருமானமற்ற வாரங்கள்.

இவற்றினும் பெரியது அடுத்த பேறு. ஒரு முறை கீறிய கருப்பையில் வடு இருக்கும். அடுத்த முறை இயல்பாகப் பெற முயன்றால் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு அவ்வடு பிரியக்கூடும். ஒவ்வொரு அறுவைக்குப் பின்னரும் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஊன்றிக்கொண்டு பிரிய மறுக்கும் இடர் கூடுகிறது. அமெரிக்காவில் 30,000க்கும் மேற்பட்ட சிசேரியன்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கணக்கில், இவ்விடர் முதல் சிசேரியனில் 1,000க்கு 2 பேருக்கு மேல் சற்றே இருந்தது. நான்காவதில் 1,000க்கு 21 ஆக உயர்ந்தது. இரண்டு குழந்தைகளோடு நிறைவு கொள்ளும் குடும்பத்திற்கு இவ்விடர் சிறிது. மூன்று, நான்கு என்று விரும்பும் குடும்பத்திற்குப் பெரிது. ஆகவே, இன்னும் எத்தனை குழந்தைகள் வேண்டும் என்னும் கேள்வியும் இம்முடிவைச் சார்ந்ததே.

ஓர் இழப்பைத் தவிர்க்க எத்தனை அறுவைகள் தேவை என்றும் கணக்கிட்டிருக்கின்றனர். சர்க்கரை நோய் இல்லாத தாய்மாரில் நாலரைக் கிலோவுக்கு மேல் எடை ஊகிக்கப்பட்ட அனைவருக்கும் அறுவை செய்வதாக வைத்துக்கொண்டால், நிலையான கைத்தளர்ச்சி ஒன்றைத் தவிர்க்க 3,695 அறுவைகள் வேண்டும் என்று 1996இல் வெளியான அமெரிக்கக் கணக்கு கூறிற்று. சர்க்கரை நோய் உள்ள தாய்மாரில் 443 அறுவைகளே போதும். ஒரே எடைக்கு இவ்வளவு வேறுபாடு ஏன்? இங்கேதான் நம் தமிழ்நாட்டின் பணி ஒன்றைக் குறிப்பிட வேண்டும்.

சர்க்கரை என்னும் மறைமுகக் காரணம்

கருவுற்ற காலத்தில் தாயின் இரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது குழந்தைக்கும் செல்கிறது. குழந்தையின் உடல் அதைக் கொழுப்பாக மாற்றித் தோளிலும் வயிற்றிலும் சேர்த்துக்கொள்கிறது. தலை இயல்பான அளவில் இருக்க, தோள் மட்டும் பருத்துவிடுகிறது. சர்க்கரை உள்ள தாயின் 4 கிலோக் குழந்தையும் இல்லாத தாயின் 4 கிலோக் குழந்தையும் ஒன்றல்ல என்பதன் காரணம் இதுவே.

சென்னை மருத்துவர் வி. சேஷையா அவர்கள் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வாராய்ச்சிக்கே ஈந்தவர். அவரும் அவர்தம் குழுவினரும் தமிழ்நாட்டில் 12,056 கர்ப்பிணிகளைச் சோதித்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, நகரத்தில் 100க்கு 17.8 பேருக்கும், நகரை ஒட்டிய பகுதியில் 13.8 பேருக்கும், சிற்றூர்ப் புறத்தில் 9.9 பேருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. சர்க்கரை பணக்காரர் நோய், உழைப்பவரை அணுகாது என்ற எண்ணத்தைத் தகர்த்தெறிந்த எண்கள் இவை. சிற்றூரிலும் பத்தில் ஒருவர்! கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை என்பதை இந்திய மாநிலங்களுள் முதலில் மேற்கொண்டது தமிழ்நாடு. 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பர். அளவு 140 அல்லது அதற்கு மேலிருந்தால் சர்க்கரை உண்டு என்று பொருள். குமட்டுகிறது என்று இச்சோதனையைத் தட்டிக் கழிக்கும் பெண்களை நாம் காண்கிறோம். அவ்வாறு செய்தல் வேண்டா. சர்க்கரையை நேரத்தில் கண்டு, உணவாலும் மருந்தாலும் அடக்கினால் குழந்தை பெருப்பதே பெரிதும் குறையும். வலி வரவழைப்பதா, அறுப்பதா என்ற கேள்வியே பலருக்கு எழாது. குழந்தை பெருத்துவிடும் என்று அஞ்சிச் சோற்றைக் குறைத்துப் பட்டினி கிடப்பதோ, சோகையையும் சோர்வையும் தேடிக்கொள்வதாகும்.

இந்திய அரசின் கர்ப்பகாலச் சர்க்கரை வழிகாட்டுதல் இயல்பான பேற்றையே முதலில் வைக்கிறது. சர்க்கரை உள்ள தாயின் குழந்தை 4 கிலோவுக்கு மேல் என்று ஊகிக்கப்பட்டால் 39ஆம் வாரத்தில் சிசேரியனைக் கருதிப் பார்க்கலாம் என்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம், சர்க்கரை உள்ளவருக்கு நாலரைக் கிலோ, இல்லாதவருக்கு ஐந்து கிலோ என்று எல்லை வகுக்கிறது. இவையெல்லாம் கருதிப் பார்க்கத்தக்க எல்லைகளே. கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவேண்டிய கட்டளைகள் அல்ல.

ஒரு தாயின் வழக்கு

யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் என்ன நேரும்? ஸ்காட்லாந்து நாட்டின் நடீன் மாண்ட்கோமரி என்னும் தாயின் வழக்கு அதற்கு விடை கூறும். அவர் உயரம் குறைந்தவர். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளி. அத்தகைய தாய்மாருக்குத் தோள் சிக்கும் வாய்ப்பு 100க்கு 9 அல்லது 10. குழந்தை பெரியது, இயல்பாகப் பெற முடியுமா என்று அவர் கவலை தெரிவித்தும், இவ்விடரை மருத்துவர் அவரிடம் கூறவில்லை. கூறினால் எல்லாரும் சிசேரியனே கேட்பர் என்பது மருத்துவரின் எண்ணம். குழந்தையின் எடை பிறக்கும்போது 3.9 கிலோ இருக்கும் என்று ஊகித்திருந்தனர், பிறந்தபோது 4.25 கிலோ. 1999 அக்டோபர் முதல் நாள், மருந்து கொடுத்து வலி வரவழைக்கப்பட்ட பேற்றில், தலை வெளியே வந்தபின் தோள் சிக்கியது. விடுவிக்கப் 12 நிமிடங்கள் ஆயின. மகன் மூளை பாதிப்போடும் கைத்தளர்ச்சியோடும் வாழ நேர்ந்தது.

ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள் தாயின் வழக்கைத் தள்ளின. அவர் தளரவில்லை. 2015 மார்ச் 11ஆம் நாள் பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தனர்; 52.5 இலட்சம் பவுண்டு இழப்பீடு கிடைத்தது. தாய் பொருட்படுத்தக்கூடிய இடர்களையும், இருக்கின்ற மாற்று வழிகளையும் மருத்துவர் அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது தீர்ப்பின் சாரம். புரியாத சொற்களை அடுக்குவதும் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் அக்கடமையை நிறைவேற்றியதாகா என்றும் நீதிபதிகள் கூறினர். கேட்டால்தானே சொல்வோம் என்ற வாதத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. இடர் இருப்பதே தெரியாதவர் அதைப் பற்றிக் கேட்பது எங்ஙனம்?

அன்பர்களே! இந்தத் தாய் அறிவியல் பட்டம் பெற்றவர். அவருடைய தாயும் உடன்பிறந்த சகோதரியும் மருத்துவர்கள். அவருக்கே சொல்லப்படவில்லை எனின், கைநாட்டு வைத்துப் பழகிய நம் பாட்டிமாருக்கும், “நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்” என்று கைகட்டி நின்று பழகிய நம் குடும்பங்களுக்கும் யார் சொல்லியிருப்பர்? தலைமுறை தலைமுறையாகக் கேள்வி கேட்கும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள் நாம். அப்பழக்கத்தின் எச்சம் மருத்துவமனை வாயிலிலும் நம்மை விட்டபாடில்லை.

கையெழுத்து யாருடையது?

இந்தியாவிலும் இதற்கு வழிகாட்டும் தீர்ப்பு உண்டு. சமீரா கோஹ்லி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 2008 சனவரி 16ஆம் நாள் தீர்ப்பளித்தது. அது பேறுகால வழக்கு அன்று. சோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்ட ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயின் ஒப்புதலைப் பெற்றுக் கருப்பையை அகற்றிய வழக்கு. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த, தெளிந்த அறிவுள்ள பெண்ணுக்குப் பதிலாகப் பெற்ற தாயும் ஒப்புதல் தர முடியாது என்று நீதிமன்றம் கூறியது. சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க இடர்கள், மறுத்தால் வரும் விளைவு ஆகியவற்றைப் போதிய அளவு சொன்ன பின்னரே பெறும் ஒப்புதல் செல்லும் என்றும் வகுத்தது.

பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை மாமியாருக்கு உண்டா? கணவனுக்கு உண்டா? அவர்கள் அருகிருந்து ஆறுதல் சொல்லலாம், கருத்தும் சொல்லலாம். முடிவு அவளுடையது, கையெழுத்தும் அவளுடையது. இளைஞர்கள் இதை வீட்டில் சொல்லத் துணிய வேண்டும்.

தள்ளவேண்டிய காரணங்கள்

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பேறுகளில் 100க்கு 44.9 சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36, தனியார் மருத்துவமனைகளில் 63.8. அகில இந்தியச் சராசரி 21.5 மட்டுமே. இவற்றுள் உயிர்காத்த அறுவைகள் பல. எனினும் இத்தனையும் தேவைதானா என்று கேட்பதில் தவறில்லை.

நல்ல நட்சத்திரத்தில் பிறக்கவேண்டும் என்று சோதிடரிடம் நாள் வாங்கி வந்து கீறச் சொல்வது காரணம் ஆகாது. 39 வாரம் நிறையுமுன் அவசரப்பட்டு எடுத்த குழந்தை மூச்சுக்குத் திணறினால் எந்த நட்சத்திரம் வந்து காக்கும்? அதேபோல், “எங்கள் வீட்டில் யாரும் வயிற்றைக் கிழித்துக்கொண்டதில்லை” என்னும் பெருமைக்காக, சர்க்கரையும் பெரிய குழந்தையும் உள்ள பெண்ணை அறுவை வேண்டா என்று தடுப்பதும் காரணம் ஆகாது. சிசேரியன் தோல்வியும் அன்று. சுகப்பேறு பதக்கமும் அன்று. இரண்டும் தாயும் சேயும் நலமாக வீடு திரும்பும் வழிகள்.

கேட்கவேண்டிய கேள்விகள்

அரசு மருத்துவமனையில் கூட்டம் மிகுதி. மருத்துவருக்கு நேரம் குறைவு. ஆகவே கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வலி கண்டபின் அல்லாமல் 36ஆம் வாரத்துப் பரிசோதனையின்போதே பணிவோடும் தெளிவோடும் கேட்க வேண்டும். எழுதத் தெரியாத தாய்க்கு எழுதித் தருவது படித்த பிள்ளைகளின் கடமை.

முதலாவது, எனக்குச் சர்க்கரை இருக்கிறதா, அடங்கியிருக்கிறதா?

இரண்டாவது, குழந்தையின் எடை எவ்வளவு என்று ஊகிக்கிறீர்கள்? கையால் தொட்டுப் பார்த்த கணிப்பும் அதையே சொல்கிறதா?

மூன்றாவது, முந்தைய பேறு எனக்கு எப்படி இருந்தது? முன்பு பெரிய குழந்தையை எளிதாகப் பெற்றவளுக்கு அது நல்ல அறிகுறி. முன்பு தோள் சிக்கியிருந்தாலோ, கருப்பையில் வடு இருந்தாலோ அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லவேண்டும். வடு உள்ளவருக்கு வலி வரவழைப்பது கூடுதல் இடர் உடையது.

நான்காவது, என் கருப்பை வாய் இளகியிருக்கிறதா? வலி வரவழைத்தால் எவ்வளவு நேரம் ஆகலாம்?

ஐந்தாவது, காத்திருந்தால் என்ன? இரண்டு வழிகளைப் பற்றியே பேசினோம். தானாக வலி வரும்வரை கவனத்தோடு காத்திருப்பது மூன்றாவது வழி. சர்க்கரை இல்லாத பலருக்கு அதுவும் தக்க வழியே.

ஆறாவது, இந்த மருத்துவமனையில் அறுவை அரங்கும், மயக்க மருத்துவரும், இரத்தமும், குழந்தை மருத்துவரும் இரவிலும் உண்டா? பெரிய குழந்தை என்று தெரிந்த பின்னர் இந்நான்கும் இல்லாத இடத்தில் வலியை வரவழைத்தல் கூடாது. விருத்தாசலத்திலா, கடலூரிலா, சிதம்பரத்திலா, முண்டியம்பாக்கத்திலா என்பதை முன்னரே கேட்டுத் தீர்மானித்து வைத்துவிட்டால், நள்ளிரவில் 108 வண்டியை அழைத்துவிட்டு எங்கே போவது என்று தவிக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கு விடை கிடைத்தபின், சர்க்கரையும் மிகப் பெரிய குழந்தையும் உள்ள ஒருத்தி அறுவையை விரும்பலாம். சர்க்கரை இல்லாத, முன்பு எளிதாகப் பெற்ற இன்னொருத்தி வலி வரவழைப்பதையோ காத்திருப்பதையோ விரும்பலாம். இருவர் முடிவும் சரியே. ஏனெனில் இருவரும் அறிந்து முடிவு செய்தவர்கள்.

நம் கடமை

1928ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதா வந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அவர்கள் எழுந்து அதை ஆதரித்தார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்று எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு பம்பாய் மாகாணத்தில் அது சட்டமாயிற்று. உழைக்கும் பெண்ணின் பேறு அவள் வீட்டின் தனிக்கவலை அன்று, சமுதாயத்தின் பொறுப்பு என்பதை அவர் ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே உணர்த்தினார். தமிழ்நாட்டில் 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அவ்வழியில் வந்ததே. அந்த உதவிக்கான பதிவைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் செய்துகொள்ளாமல் இழப்பவர் நம்மில் இருத்தல் ஆகாது.

இச்சங்கம் 25 ஆண்டுகள் விளக்கேற்றி வைத்துப் பாடம் நடத்தியது பட்டங்களுக்காக மட்டுமா? அன்று. எதிரில் நிற்பவர் எவ்வளவு பெரியவராயினும், “ஐயா, இதை எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்” என்று தலை நிமிர்ந்து கேட்கும் நாவை நம் மக்களுக்குத் தருவதற்காக. மருத்துவர் நமக்குப் பகைவர் அல்லர். கேள்வி கேட்கும் தாய் அவருக்கு உற்ற துணையே.

ஆகவே இளைஞர்களே! உங்கள் தெருவில் கருவுற்றிருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சர்க்கரைச் சோதனை நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். அவள் சீட்டை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவளுக்காக முடிவு செய்யாதீர்கள். தாய்மார்களே! உங்கள் மகளையும் மருமகளையும் சுவரோரத்திலிருந்து எழுப்பி நடுவில் அமர்த்துங்கள்; அவள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். பேறு பெறுபவளே முடிவையும் பெறுவாளாக.